பச்சை டிக் இருந்தால் எல்லாம் சரிதானா?

பலர் சேர்ந்து திருத்தும் ஃபைல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் மென்பொருளை நிறுவியதும், விண்டோஸில் உங்கள் ஃபைல்கள்மேல் குட்டிக் குட்டிப் படங்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் பலரையும் ஏமாற்றுவது பச்சை டிக்தான்.

பச்சை என்றால் என்னிடம் இருப்பது புதிய பதிப்பா? இல்லை. கடைசியாக அப்டேட் (சர்வரிலிருந்து புதியதை இறக்குதல்) செய்தபின் நீங்கள் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். உங்கள் கணினியிலேயே மறைவாக இருக்கும் ஃபோல்டரிலுள்ள பிரதியோடு மட்டும்தான் ஒப்பீடு நடக்கிறது. சர்வரை யாரும் கேட்பதில்லை. காலை பத்து மணிக்கு அப்டேட் செய்தீர்கள். பதினோரு மணிக்குப் பக்கத்து இருக்கைக்காரர் அதே ஃபைலைத் திருத்தி கமிட் (பொதுச் சேமிப்பில் பதிவு) செய்துவிட்டார். உங்கள் திரையில் பச்சை அப்படியே இருக்கும். உண்மை தெரிய ரைட் கிளிக், ‘செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்’, அதில் ‘செக் ரெபாசிட்டரி’ பட்டன்.

சிவப்பு ஆச்சரியக்குறி ஆபத்தா? இல்லை. நீங்கள் திருத்தியது இன்னும் கமிட் ஆகவில்லை. ஃபோல்டர்மேல் இருந்தால், உள்ளே ஏதோ ஒரு ஃபைல் மாறியிருக்கலாம். ஆனால் அந்த உழைப்பு இப்போது உங்கள் டிஸ்கில் மட்டுமே இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும்போது சிவப்பு தெரிந்தால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கேள்விக்குறி? அந்த ஃபைல் இன்னும் கணக்கிலேயே இல்லை. “என்னிடம் ஓடுகிறது, உன்னிடம் ஏன் ஓடவில்லை?” என்ற தகராறுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘ஆட்’ கொடுத்தால் நீலக் கூட்டல் குறி வரும். அதுவும் பாதி வழிதான். கமிட் செய்தால்தான் மற்றவர்களுக்குப் போய்ச்சேரும்.

மஞ்சள் முக்கோணம்? நீங்களும் இன்னொருவரும் ஒரே இடத்தைத் திருத்தியிருக்கிறீர்கள் (மோதல்). பயந்து ஃபைலை அழித்துவிடாதீர்கள். அப்டேட்டில் வந்த மோதல் என்றால், உங்கள் எழுத்து ‘.மைன்’ என முடியும் தனி ஃபைலில் பத்திரமாக இருக்கும். ‘எடிட் கான்ஃப்ளிக்ட்ஸ்’ திறந்து, அந்த இன்னொருவரோடு பேசி, எது வேண்டுமோ வைத்து, ‘ரிசால்வ்டு’ கொடுங்கள். அதுவரை அந்த ஃபைலை கமிட் செய்ய முடியாது.

படமே தெரியவில்லையா? இப்படிப்பட்ட படங்களுக்கு, எல்லா மென்பொருள்களுக்கும் சேர்த்து விண்டோஸ் தரும் இடம் 15தான். அதில் சிலவற்றை அதுவே வைத்துக்கொள்கிறது. மிச்சத்துக்கு ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் போட்டி போடுகின்றன. அகரவரிசையில் முந்தியவற்றுக்கே இடம் என்பதால், பெயருக்கு முன்னால் வெற்றிடம் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது. படம் போனாலும் ஃபைலின் நிலை போகவில்லை. ‘செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்’ சரியாகவே காட்டும். பழைய படமே நின்றுகொண்டிருந்தால் எஃப்5 அழுத்திப் பாருங்கள்.