தூக்குவது வேறு, தாங்குவது வேறு

ஞாயிற்றுக்கிழமைக் காலை. வீட்டு முற்றத்தில் தந்தையார் தம் மோட்டார் காரின் முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி வைத்திருக்கிறார். அடியிலே எங்கோ எண்ணெய் கசிகிறது; அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய சாக்கு ஒன்றை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து, மெல்ல உள்ளே நகர்ந்து செல்கிறார். வெளியே நிற்கும் மகனோ மகளோ அவர் கேட்கும் ஸ்பானரை எடுத்துக் கொடுக்கிறார்கள். எத்தனையோ இல்லங்களில் காணக்கூடிய காட்சி இது. சிக்கனமும், தன் கையே தனக்கு உதவி என்னும் ஊக்கமும் கலந்த இக்காட்சியைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆனால், மாணவ நண்பர்களே, இங்கே ஒரு பொருள் குறைகிறது. அது இல்லாமையால் உயிரே போகக்கூடும். அப்பொருள் யாது, அது ஏன் இன்றியமையாதது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் ஆபத்தின் அளவை அறிந்துகொள்வோம். சிறிய கார் ஒன்றின் எடையை ஏறத்தாழ 1000 கிலோகிராம் என்று கொள்ளலாம். முன்பகுதியை உயர்த்தும்போது அதில் ஏறக்குறைய பாதி ஜாக்கியின்மேல் வந்து அமர்கிறது. அதாவது, பத்து சிமெண்டு மூட்டைகளின் பாரம் ஒருவருடைய மார்புக்கு மேலே நிற்கிறது. “ஜாக்கி நழுவினால் சட்டென்று வெளியே வந்துவிடலாமே” என்று சிலர் எண்ணுவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடையக் கால் விநாடிதான் ஆகும். ஒன்றைக் கண்டு, உணர்ந்து, உடல் அசையத் தொடங்குவதற்கே நமக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவர் மிச்சமுள்ள நேரத்தில் எங்கே நகர்வது? எலும்பு முறியாமல் தப்பினாலும், மார்பு அழுந்திக் கிடக்கும்போது மூச்சு விட முடியாது. பிராணவாயு கிடைக்காவிட்டால் மூளை சில நிமிடங்களே தாங்கும்.

இனி, ஜாக்கி எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பிளெய்ஸ் பாஸ்கல் என்னும் அறிஞர், அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் அதன் எல்லா இடங்களுக்கும் குறையாமல் பரவும் என்று விளக்கினார். அந்த விதியைப் பயன்படுத்தி, 1795-ஆம் ஆண்டில் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் திரவ அழுத்த இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றலே இன்றைய ஹைட்ராலிக் ஜாக்கி. அதில் சிறிய பிஸ்டன் ஒன்றும் பெரிய பிஸ்டன் ஒன்றும் உண்டு. சிறியதன் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், பெரியதன் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறியதை 20 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் அழுத்தினால், பெரியது 200 கிலோகிராமைத் தூக்கும். கைப்பிடி நெம்புகோலாகவும் இருப்பதால் நம் உழைப்பு இன்னும் குறைகிறது. வியக்கத்தக்க கருவிதான், ஐயமில்லை.

ஆனால் தூக்கி முடித்த பின்னர் அத்தனை பாரத்தையும் தாங்கி நிற்பது எது? உள்ளே அடைபட்ட எண்ணெய். அந்த எண்ணெய் திரும்பி ஓடாமல் தடுப்பவை எவை? ஒரு சிறு வால்வும், ரப்பர் வளையம் ஒன்றும். வால்வில் மணல் துகள் ஒன்று சிக்கலாம்; ரப்பர் நாட்பட்டுத் தேய்ந்திருக்கலாம். அப்போது எண்ணெய் கசியும், கார் இறங்கும். வளையம் மெல்லத் தோற்குமா, திடீரெனத் தோற்குமா என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல இயலாது.

காருடன் கிடைக்கும் திருகு ஜாக்கி வேறு வகை. அதில் எண்ணெய் இல்லை. மரையின் உராய்வே பாரத்தை இறங்காமல் நிறுத்துகிறது. இதன் குறை வேறிடத்தில் உள்ளது. இதன் பாதம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவே. உயர்ந்த பாரத்தைக் குறுகிய அடித்தளத்தில் நிறுத்தினால் சிறிது சாய்ந்தாலும் கவிழும் என்பது நீங்கள் பாடத்தில் படித்ததே. கார் சிறிது உருண்டால் போதும், ஜாக்கி சரிந்துவிடும். அவ்வாறு காரை அசைப்பவர் யார்? பெரும்பாலும் கீழே படுத்திருப்பவரே! இறுகிய நட்டு ஒன்றைத் திருப்ப அவர் தம் பலத்தையெல்லாம் கொண்டு ஸ்பானரை இழுக்கிறார் அல்லவா? அந்த விசை நட்டோடு நிற்பதில்லை. காரையும் சேர்த்தே இழுக்கிறது. சக்கரத்தை மாற்றுவதற்காக அளிக்கப்பட்ட கருவி அது. சக்கரம் மாற்றுபவர் காரின் பக்கத்தில் அமர்ந்திருப்பார். அடியில் படுத்திருக்க மாட்டார்.

ஆகவே குறைகின்ற பொருளின் பெயரைச் சொல்லிவிடலாம். அதுதான் தாங்கி, பணிமனைகளில் ‘ஜாக்கி ஸ்டாண்டு’ என்பர். அகன்று விரிந்த கால்களும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டும், அத்தண்டைப் பூட்டும் உறுதியான எஃகு ஊசியோ பற்களோ உடையது. அதில் கசிய எண்ணெய் இல்லை. எஃகு எஃகின்மேல் அமர்ந்திருக்கிறது, அவ்வளவே. தூக்குவது ஜாக்கியின் தொழில். தாங்குவது தாங்கியின் தொழில்.

தாங்கிக்குப் பதிலாகச் செங்கல்லையோ உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லையோ அடுக்குவோர் உண்டு. “இக்கல் வீட்டையே தாங்குகிறதே, காரைத் தாங்காதா?” என்று வினவுவர். சுவரில் பாரம் கல்லின் முகம் முழுவதும் சீராகப் பரவுகிறது. காரின் அடியிலோ, இரும்பு விளிம்பு ஒன்று ஓரிடத்தில் குத்திட்டு நிற்கிறது. மேலும், எஃகு உடைவதற்கு முன் வளையும். கல்லோ எச்சரிக்கை எதுவுமின்றிப் பிளந்துவிடும்.

சக்கரத்தையும் மறத்தல் ஆகாது. திருவிழாவில் தேரை நிறுத்துவதற்குச் சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை போடுவதைக் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருந்தாலும், முட்டுக்கட்டை போடுபவர் இல்லாமல் தேர் நகராது. காருக்கும் அது தேவை. கைப்பிரேக் இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பகுதியைத் தூக்கிவிட்டால், அது பிடிப்பது அந்தரத்தில் நிற்கும் சக்கரங்களையே! எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும்.

இனி, செய்யும் முறையை வரிசையாகக் கூறுகிறேன். சமமான, கெட்டியான தரையில் காரை நிறுத்துக. மண்தரையில் தாங்கியின் கால்கள் புதையும். கோடை வெயிலில் இளகிய தார்ச்சாலையும் அத்தகையதே. கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, முட்டுக்கட்டை வைக்கவும். காரின் கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே ஜாக்கியைப் பொருத்துக. உயர்த்திய பின், இரு புறமும் உறுதியான பாகங்களின்கீழ் இரு தாங்கிகளை நிறுத்தி, பாரம் அவற்றின்மேல் அமரும்வரை காரை மெல்ல இறக்குக. தாங்கியின்மேல் பொறித்துள்ள எடையளவு நம் காருக்குப் போதுமா என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு, உள்ளே செல்வதற்கு முன், வெளியே நின்றவாறே காரைக் கையால் அசைத்துப் பார்க்கவும். ஆடினால், இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குக. கழற்றிய சக்கரம் இருந்தால் அதைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்க வைப்பது மற்றுமோர் அரண். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு.

வெளியே நிற்கும் உங்களுக்கும் கடமை உண்டு. காரில் சாய்தல், கதவைத் திறத்தல், உள்ளே ஏறுதல் ஆகியவை கூடா. தவறி விபத்து நேர்ந்தால், அடியில் சிக்கியவரை இழுக்க முயலாதீர்கள். உரக்கக் குரல் கொடுத்து அக்கம்பக்கத்தாரை அழையுங்கள். ஜாக்கியை மீண்டும் பொருத்திப் பாரத்தை உயர்த்தி, தாங்கி வைத்த பின்னரே அவரை எடுக்க வேண்டும். அதற்குள் ஒருவர் 108-க்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். வேலை நடக்கையில் அருகே ஒருவர் இருப்பது இதற்காகவே.

வீட்டில் மூத்தோர்க்கு அறிவுரை கூறுவது எளிதன்று. “இத்தனை ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். ரப்பர் வளையம் ஆண்டுகளைக் கணக்கிட்டு நம்மிடம் சொல்லுவதில்லை. ஆகையால் வாதிட வேண்டாம். அடுத்த ஞாயிறன்று தந்தையார் சாக்கை விரிக்கும்போது, ஸ்பானரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “அப்பா, தாங்கி வைத்தாயிற்றா?” என்று மட்டும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை ஸ்பானரைக் கொடுக்காதீர்கள்.