நீரின் தாங்குந்திறன்

இரண்டு குவளைகளில் காய்ச்சி வடித்த நீரை எடுத்துக்கொள்க. ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவைக் கரைக்கவும். செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றை இரண்டிலும் சிறிது சேர்க்கவும். பின்னர் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விடவும். முதற்குவளை ஓரிரு துளிகளிலேயே சிவக்கிறது. சோடா கரைந்த நீரோ பல துளிகளுக்குப் பின்னரும் சிவப்பதில்லை. ஏன்?

விடை காண, டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனுக்குச் செல்வோம். அங்குள்ள கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர் வடிப்பாலையைச் சார்ந்து 1875ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கூடம் தோன்றியது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். அவ்வூறலின் அமிலத்தன்மை அளவோடு இல்லையெனில் நொதிகள் செவ்வனே செயற்படா. அங்கு நொதிகளை ஆராய்ந்த சோரன்சென் என்னும் வேதியியலறிஞர், அமிலத்தன்மையைத் துல்லியமாகக் குறிக்க, 1909இல் பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார்.

பி.எச். என்பது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைக் காட்டும் எண். அது பெரும்பாலும் 0 முதல் 14 வரை அமையும். 7 நடுநிலை; அதனிற் குறைந்தால் அமிலம்; மிகுந்தால் காரம். ஓர் எண் குறைந்தால் அயனிச்செறிவு பத்து மடங்கு உயரும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2. நம் நாட்டில் குடிநீருக்கு விதிக்கப்பட்ட வரம்பு 6.5 முதல் 8.5 வரை.

ஆயினும், பி.எச். மட்டுமே நீரின் இயல்பை முழுமையாக உணர்த்திவிடாது. சமையல் சோடாவில் பைகார்பனேட் உள்ளது. அமிலம் சேரும்போது அது ஹைட்ரஜன் அயனிகளைப் பற்றிக்கொண்டு, நீராகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாறுகிறது. அதனால் பி.எச். சிறிதளவே குறைகிறது. இவ்வாறு மாற்றத்தைத் தாங்கி நிற்பது தாங்கல் கரைசல் எனப்படும். பைகார்பனேட் தீர்ந்தபின், அடுத்த சில துளிகளிலேயே பி.எச். விரைந்து இறங்கும்.

சுண்ணாம்புப் பாறைகளினூடே ஊறிவரும் நீரிலும் பைகார்பனேட் மிகுதி. பார்லி ஊறலின் பி.எச். 5.2 முதல் 5.6 வரை இருத்தல் நலம். சுண்ணாம்பு நீரோ அதனை உயர்த்தும். சிறிதளவு அமிலத்திற்கு எளிதில் இறங்காது. எனவே வடிப்போர், நீரின் பி.எச். மதிப்போடு அதன் தாங்குந்திறனையும் அளந்த பின்னரே, வேண்டிய அளவு லாக்டிக் அமிலம் சேர்ப்பர். நீரைக் கொதிக்கவைத்து, பைகார்பனேட்டில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பாகப் படியச் செய்து நீக்குவதும் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நாம் காணும் வெண்படிவு பெரும்பாலும் இதுவே.

வடிப்போருக்கு இடராகும் இத்திறன், உயிர்களுக்குக் காவலாகிறது. 20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைப் புகையால் ஸ்வீடன், நார்வே நாடுகளில் அமிலமழை பொழிந்தது. கருங்கற்பாறை நிலத்து ஏரிகளில் பைகார்பனேட் மிகக் குறைவு. அவற்றுட் பலவற்றில் மீன்கள் மடிந்தன. சுண்ணாம்பு நிலத்து ஏரிகளோ அம்மழையைத் தாங்கி நின்றன. பின்னர் ஸ்வீடன் நாட்டினர் ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்புத்தூளைத் தூவி அவற்றைக் காத்தனர். நம் குருதியின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை நிலைத்திருக்கவும் பைகார்பனேட் தாங்கலே பெரிதும் துணைபுரிகிறது.

தெளிந்த நீர் அனைத்தும் ஒன்றன்று. தாங்கும் ஆற்றல் கண்ணுக்குப் புலப்படாது. சோதித்தே அறிய வேண்டும்.

சொல் அறிவோம்
தாங்கல் – தாங்குதல். பாசன ஏரி என்னும் பொருளும் உண்டு
நொதி – உயிர்ப்பொருள்களில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
குருதி – இரத்தம்
இடர் – துன்பம், இடையூறு

பயிற்சி
1. பி.எச். 7இலிருந்து 5ஆகக் குறைந்தால், ஹைட்ரஜன் அயனிச்செறிவு எத்தனை மடங்கு உயரும்?
2. ஒரே அமிலமழையில் சில ஏரிகள் அழிவுற்றன, சில தப்பின. காரணம் கூறுக.
3. உங்கள் வீட்டுக் குழாய்நீரையும் வடிகட்டிய நீரையும் கொண்டு இச்சோதனையைச் செய்து, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.