எழுத்துத் தேடிய ஹோஜா

வீட்டில் பேசுவதற்குத் தாய்பாஷை உண்டு; அதில் ஒரு கடிதம் எழுதலாம் என்றால் எழுத்து இல்லை. அல்பேனிய ஜனங்களின் நிலைமை ஒரு காலத்தில் இவ்விதம் இருந்தது. சரியாகச் சொன்னால், எழுத்து இல்லாதது அல்ல, எழுத்துக்கள் அதிகமாக இருந்ததே அவர்களுடைய தொல்லை.

கிரீஸுக்கு வடமேற்கே, அட்ரியாடிக் கடலோரத்தில் உள்ள மலைநாடு அல்பேனியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது துருக்கி சுல்தானின் ஆளுகையில் இருந்தது. ஜனங்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தெற்கே ஆர்த்தொடாக்ஸ் கிறிஸ்தவர்கள், வடக்கே கத்தோலிக்கர்கள். பேச்சு எல்லோருக்கும் ஒன்றுதான். பேனாவை எடுத்தால் முஸ்லிமுக்கு அரபு எழுத்து, ஆர்த்தொடாக்ஸ்காரருக்குக் கிரேக்கம், கத்தோலிக்கருக்கு லத்தீன். அண்டை வீட்டுக்காரன் எழுதியதை இவனால் படிக்க முடியாது. சர்க்காரும் பிரஜைகளை மதத்தைக் கொண்டே கணக்கிட்டது. அல்பேனியன் என்று ஒருவன் இருப்பதாக அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க முன்வந்தவர்களில் ஒருவர் ஹசன் தஹ்ஸினி. 1811-ல் தென் அல்பேனியாவில் நினாத் என்னும் கிராமத்தில் பிறந்தவர். மார்க்கக் கல்வியில் தேர்ந்து ‘ஹோஜா’ என்று பெயர் பெற்றவர். துருக்கி சர்க்கார் இவரைப் பாரிஸுக்கு அனுப்பியது. அங்கே சுமார் பன்னிரண்டு வருஷ காலம் நவீன சாஸ்திரங்களைக் கற்றார். துருக்கி ஸ்தானிகர் மாளிகையில் இமாமாகவும் இருந்தார். 1869-ல் நீஸ் நகரில் காலமான மந்திரி புவாத் பாஷாவின் சடலத்துடன் இஸ்தம்பூலுக்குத் திரும்பினார். 1870-ல் திறக்கப்பட்ட சர்வகலாசாலைக்கு அவரே முதல் தலைவர்.

அந்தப் பதவி நீடிக்கவில்லை. காரணம் ஒரு புறா என்று சொல்வார்கள். காற்றில்லாமல் உயிர் வாழாது என்பதைக் காட்ட, ஹோஜா ஒரு புறாவைக் கண்ணாடிக் கூண்டில் அடைத்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றினாராம். புறா சுருண்டு விழுந்தது, வைதிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே சர்வகலாசாலையில் ஜமாலுத்தீன் ஆப்கானி செய்த ஒரு பிரசங்கமும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. ஹோஜா வேலை இழந்தார். ‘காபிர் ஹோஜா’ என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது! தொழுகை நடத்திய இமாமுக்கு இப்படி ஒரு பட்டம்.

1878-ல் ருஷியாவிடம் துருக்கி தோற்றது. அல்பேனியர் வாழ்ந்த நிலங்களை அண்டை நாடுகளுக்குப் பங்கிட வல்லரசுகள் முனைந்தன. தங்களை ஒரு ஜாதியென்று காட்டிக்கொள்ள அல்பேனியர்களிடம் இருந்தது பாஷை ஒன்றுதான். அதற்கு எழுத்து எது?

தஹ்ஸினி தாமே புதிய எழுத்துக்களை உருவாக்கினார். அவை அரபும் அல்ல, கிரேக்கமும் அல்ல, லத்தீனும் அல்ல. எந்த மதத்தாரும் ‘இது பிறத்தியாருடையது’ என்று ஒதுக்க இடமில்லை. ஹோஜாவாகிய ஒருவர் குர்ஆனின் எழுத்தையே தம் ஜனங்கள் மேல் திணிக்காமல் விட்டாரே, அதை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் எந்த அச்சுக்கூடத்தில் அந்த எழுத்துக்கு அச்சு இருக்கும்? எந்தக் குழந்தைக்கு அது முன்பே பழக்கம்? 1879-ல் இஸ்தம்பூலில் அமைந்த சங்கத்தார், முஸ்லிமான ஸாமி பிராஷரி லத்தீனை ஆதாரமாகக் கொண்டு வகுத்த 36 எழுத்துக்களையே ஏற்றார்கள்.

1881-ல் ஹோஜா காலமானார். 1908 நவம்பரில் மனாஸ்திர் நகரில் எழுத்துக்காகவே ஒரு மகாநாடு கூடியது. மகாநாட்டுத் தலைவர் மித்ஹத் பிராஷரி, முஸ்லிம். எழுத்துக் கமிட்டியின் தலைவர் ஜெர்ஜ் பிஷ்தா, கத்தோலிக்கப் பாதிரியார். அங்கே லத்தீன் எழுத்து வென்றது. நாலு வருஷம் கழித்து, 1912 நவம்பர் 28-ந் தேதி, விளோரா நகரில் அல்பேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் திப்ரா நகரத்து முப்தி வெஹ்பி.