முதற் கலீபாவின் துணிமூட்டை

சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் ஊழியம் செய்வோர்க்குத் தறியும் துணிமூட்டையும் பழகிய காட்சிகள். இஸ்லாத்தின் முதற் கலீபாவாகிய அபூபக்கரும் துணிவணிகரே. கி.பி. 632-இல் முகம்மது நபியவர்கள் மறைந்தபின் அவர் தலைவராக ஏற்கப்பட்டார். தாம் மக்களுள் சிறந்தவர் அல்லர் என்றும், நேர்மையாய் நடந்தால் துணைநிற்கவும் தவறினால் திருத்தவும் வேண்டுமென்றும் அவர் முதலுரையில் கேட்டுக்கொண்டதாகப் பழைய இஸ்லாமிய வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அதற்குப் பின்பும் அவர் துணிகளைத் தோளிலிட்டுச் சந்தைக்குப் புறப்பட்டாராம். வழியில் கண்ட தோழர்கள், ஆட்சிப் பொறுப்பும் வாணிகமும் ஒருங்கே நடத்தல் இயலாது எனக் கூறி, குடும்பத்துக்குப் போதுமான அளவு பொது நிதியிலிருந்து வழங்க ஏற்பாடு செய்தனர். மரணத் தறுவாயில், தாம் பெற்றதை ஈடுசெய்து திருப்பித் தருமாறு அவர் பணித்தார் என்றும் அம்மரபு கூறும்.

இதனைப் பவுலடிகளோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். ஊழியரைச் சபை பேணவேண்டும் என்னும் உரிமையை 1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் நிலைநாட்டிய அப்போஸ்தலர், தமக்கென அதனைப் பயன்படுத்தாது கூடாரத் தொழில் செய்தார். அபூபக்கரோ தொழிலை விட்டு ஊதியம் ஏற்றார். வழிகள் வேறாயினும், தலைவரின் பிழைப்பு இரண்டிடத்தும் மக்கள் முன்னிலையில் பேசப்பட்ட பொருளாயிற்று. 1827-இல் இலண்டன் மிஷன் சேலத்தில் தொடங்கிய பணியின் வழிவந்த நம் சபைகளில், ஊதியம் நெடுங்காலம் மிஷனிடமிருந்தே வந்தது. ஆகவே வரவுசெலவைக் கேட்கும் பழக்கம் சபையாரிடையே வேரூன்றவில்லை என்பது நம் கருத்து. இன்று கேட்போரைக் கலகக்காரர் எனக் கருதும் ஆயர்களும் நம்மிடையே உளர்.

இரண்டாம் கலீபா உமர், 644-இல் கத்திக்குத்துண்டு கிடக்கையில், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்க அறுவர் குழுவை அமைத்தார். தம் மகன் அப்துல்லா ஆலோசனை கூறலாம், ஆனால் தலைவராகலாகாது என்று விதித்தார். சபைத் தேர்தல்களில் மகனும் மருமகனும் முன்நிறுத்தப்படுவதைக் கண்ட வாசகர் இவ்விடத்தில் சற்று நிற்பராக.

ஆயினும் அக்காலத்தைக் குறையற்ற பொற்காலமாக நாம் காட்டவில்லை. தலைமை தொடக்கத்திலேயே அலீக்கு உரியது என்பது ஷியா பிரிவினரின் உறுதியான கொள்கை. மூன்றாம் கலீபா உதுமான், உறவினரை உயர்பதவிகளில் அமர்த்தினார் என்னும் குற்றச்சாட்டு எழுந்து, கிளர்ச்சியாளரால் 656-இல் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். அலீயும் 661-இல் வாளுக்கு இரையானார். பெருகிய வெற்றிச் செல்வம் இச்சண்டைகளுக்கு எவ்வளவு காரணம் என்பது குறித்து முஸ்லிம் அறிஞர்களே வாதிட்டு வருகின்றனர். நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் ஆலிம்களிடம் அதனை நேரிற் கேட்டறிதல் நன்று.