குட்டி ஈனும் முன்னரே பேன் நீக்குவோம்

கடன் பெற்று வாங்கிய செம்மறி மந்தைக்குக் குட்டிகளே வருவாய். தாயின் உரோமத்தில் பேன் இருந்தால், பால் குடிக்க ஒண்டும் குட்டிக்கும் அது தொற்றிவிடும். ஆடு சுவரில் உராய்ந்தால், உரோமத்தைக் கடித்து இழுத்தால், உரோமத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

பேன் தன் வாழ்நாளை ஆட்டின் உடலிலேயே கழிக்கிறது. ஓர் ஆட்டை விட்டுவிட்டாலும் மந்தையில் மீண்டும் பரவும்; எனவே எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். பெரும்பாலான மருந்துகள் ஈர்களை அழிப்பதில்லை. அவை சுமார் 10 நாள்களில் பொரிப்பதால், இரு வாரம் கழித்து மறுமுறையும் மருந்திடுவது நன்று.

சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள். நான்காம் மாதத்திற்குள் இப்பணியை முடித்துவிட்டால், நிறைசினை ஆட்டைப் பிடித்துப் புரட்டும் இடர் நேராது. சினை ஆட்டுக்கு ஏற்ற மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவோம்.