பார்வதி கிருஷ்ணன்

பார்வதி கிருஷ்ணன் (15 மார்ச் 1919 – 20 பிப்ரவரி 2014) இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த அரசியல்வாதியும் தொழிற்சங்கத் தலைவரும் ஆவார். கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியிலிருந்து மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குடும்பம்

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தாரும் சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சருமான (1926–1930) ப. சுப்பராயனின் மகள். ஆக்ஸ்போர்டில் பயின்றார். 1942-இல் பொதுவுடைமைக் கட்சியின் என். கே. கிருஷ்ணனை மணந்தார். ஜமீன் குடும்பத்தில் பிறந்தும், பஞ்சாலை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான சங்கப் பணியையே தம் களமாகக் கொண்டார்.

நாடாளுமன்றப் பணி

1954 முதல் 1957 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1957 பொதுத்தேர்தலில் கோயம்புத்தூரில் வென்றார். அதே தேர்தலில் திருச்செங்கோட்டில் காங்கிரசு சார்பில் வென்ற தந்தை, 1959-இல் நேருவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். தந்தை ஆளுங்கட்சி வரிசையிலும் மகள் எதிர்க்கட்சி வரிசையிலும் ஒரே அவையில் அமர்ந்தனர். 1962-இல் இத்தொகுதியைக் காங்கிரசு கைப்பற்றியது.

1973 மே 31 அன்று தில்லி அருகே நேர்ந்த விமான விபத்தில், கோயம்புத்தூர் உறுப்பினரும் இவரது கட்சித் தோழருமான கே. பாலதண்டாயுதம் இறந்தார். இவருடைய சகோதரரும் நடுவண் அமைச்சருமான மோகன் குமாரமங்கலமும் அவ்விபத்திலேயே உயிரிழந்தார். இதனால் 1974-இல் நடந்த இடைத்தேர்தலில் பார்வதி போட்டியிட்டு வென்றார். 1977-இல் மீண்டும் வென்று, 1980 வரை உறுப்பினராக இருந்தார்.

2024 பொதுத்தேர்தல் வரை, கோயம்புத்தூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே பெண் இவரே.

மறைவு

2014 பிப்ரவரி 20 அன்று, தமது 94-ஆம் வயதில் கோயம்புத்தூரில் காலமானார்.