பிடித்த மீனை ஆற்றில் விடலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் மீன் கடைகளில் நம்மவர்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி வாங்கிச் செல்வார்கள். மீன் என்றால் குழம்பு. அதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

ஆனால் இங்கிருந்து சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில், பீமேஸ்வரி காவிரிக் கரையில், பல ஆண்டுகளாக வேறொரு பழக்கம் இருந்து வந்தது. நாளெல்லாம் வெயிலில் காத்திருந்து பெரிய மீனைப் பிடிப்பார்கள். எடையைக் குறித்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்!

காவிரியின் ராஜா

அந்த மீனின் பெயர் மஹ்சீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தூண்டிலில் கேழ்வரகு உருண்டைதான் இரை. இதில் கூன் முதுகு உள்ள வகை காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் தவிர உலகில் வேறு எங்கும் கிடையாது. 1946-ல் மைசூர் வான் இங்கன் கபினியில் பிடித்த மஹ்சீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ!

விடுவது ஏன்?

ஆற்று மடுவில் வெடி போட்டால் தாய் மீனும் குஞ்சும் சேர்ந்தே சாகும். மஹ்சீர் பெரிதாக வளரப் பல ஆண்டுகள் ஆகும். செத்த மீன் ஒரு தடவைதான் விலை போகும். உயிரோடு இருக்கும் மீனைத் தேடி ஆண்டுதோறும் ஆள் வருவார்கள். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த சிலருக்கே வழிகாட்டி வேலை கிடைத்தது.

'பசிக்குப் பிடிப்பது நியாயம். விளையாட்டுக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளை மாட்டுவது என்ன நியாயம்?' என்று கேட்பவர்களும் உண்டு. அதுவும் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. 2012-க்குப் பின் காவிரி சரணாலயத்தில் தூண்டில் முகாம்கள் நின்றுவிட்டன. கரையில் ஆள் இல்லாவிட்டால் வெடிக்காரனுக்குத்தான் வசதி என்பது தூண்டில்காரர்களின் வாதம்.

கணக்குப் புத்தகம் சொன்ன செய்தி

மீன் வளம் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில், லோனாவாலா பண்ணையில் வளர்ந்த நீலத் துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்கை ஆராய்ச்சியாளர்கள் புரட்டியபோது உண்மை தெரிந்தது. வந்த மீன் பெருகியிருந்தது. சொந்த மீன் அருகிப்போயிருந்தது! பிடித்ததை ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் இது வெளியே வந்தது. மோயாற்றில் கிடைத்த மீன்களையும் ஆராய்ந்து, 2018-ல் கூன் முதுகு மஹ்சீரின் அறிவியல் பெயரை 'டோர் ரேமாதேவி' என்று உறுதி செய்தார்கள். அழியும் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அதே ஆண்டு அது சேர்ந்தது.

விடுவதிலும் முறை உண்டு. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடவேண்டும். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழவழப்பு போய் நோய் பற்றும். எதிர்முள் இல்லாத தூண்டில் நல்லது. படம் எடுப்பதற்காக வெகுநேரம் வெளியே வைத்திருந்து விட்டால், விட்டும் பயனில்லை.

வீட்டுக்கு வேண்டிய அளவு சாதாரண மீனைக் கொண்டுபோவதில் குற்றம் ஒன்றுமில்லை. முட்டை சுமக்கும் தாய் மீனும், வேறு எங்கும் இல்லாத மீனும் ஆற்றிலேயே இருக்கவேண்டியவை. பீமேஸ்வரியைத் தாண்டும் தண்ணீர்தான் ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் போகிறது. மாநில எல்லை மனிதருக்குத்தான், மீனுக்குக் கிடையாது.